மருந்து எழுதிக் கொடுக்க மறுத்த டாக்டர்!
ஓமியோபதி கண்ட ஹானிமன்

விளக்கு எண்ணெய்க்குக்கூடக் கணக்குப் பார்க்கும் வீடு அது. அந்த வீட்டுப் பையனுக்கோ படிப்பில் அடங்காத ஆசை. இரவில் விளக்கு எரித்தால் தந்தை கோபிப்பார். பையன் என்ன செய்தான்? களிமண்ணைப் பிசைந்து தானே ஒரு விளக்குச் செய்துகொண்டான். எல்லோரும் தூங்கிய பிறகு அதை ஏற்றி வைத்துப் படித்தான்.

இப்படி ஒரு கதை சொல்வார்கள், சாமுவேல் ஹானிமனைப்பற்றி. சர்க்கரை உருண்டையில் மருந்து சேர்த்துக் கொடுக்கும் ஓமியோபதி வைத்தியத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

ஜெர்மனியில் மைசன் என்று ஓர் ஊர். பீங்கான் சாமான்களுக்குப் பேர் போன ஊர். அங்கே 1755-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி ஹானிமன் பிறந்தார். தந்தை பீங்கான்மீது படம் வரையும் தொழிலாளி. வருமானம் போதவில்லை. பையனைப் பள்ளியில் இருந்து நிறுத்தி, லீப்சிக் நகரில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார். பையனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கே ஓடி வந்துவிட்டான். ஆசிரியர்கள் இரக்கப்பட்டு, சம்பளம் வாங்காமல் படிக்க வைத்தார்கள்.

1775-ம் ஆண்டு மருத்துவம் படிக்க மறுபடியும் லீப்சிக் புறப்பட்டார். அப்போது வயது 20. கையில் இருந்த பணமும் 20 தாலர்தான்! பகலில் கல்லூரி. மற்ற நேரத்தில் பிறருக்கு மொழி கற்றுக் கொடுப்பார். ஆங்கிலப் புத்தகங்களை ஜெர்மன் மொழியில் பெயர்ப்பார். அதில் வந்த காசில் சாப்பிட்டார். 1779-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. 1782-ல் ஹென்ரியட் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு 11 பிள்ளைகள் பிறந்தார்கள்.

ரத்தம் எடுக்கும் வைத்தியம்

டாக்டர் ஆனவர் பணம் சேர்த்தாரா? இல்லை. சில ஆண்டுகளில் வைத்தியத்தையே விட்டுவிட்டார்!

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் காய்ச்சல் என்று போனாலும், மார்வலி என்று போனாலும், நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார்கள். அட்டையைக் கடிக்க விடுவார்கள். வாந்திக்குக் கொடுப்பார்கள். பாதரசத்தை உள்ளே கொடுப்பார்கள். நோய் கொன்றது பாதி, வைத்தியம் கொன்றது பாதி. 1792-ல் ஆஸ்திரியப் பேரரசர் லியோபோல்டு இறந்தார். அவருக்கும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்திருந்தார்கள். அரண்மனை வைத்தியர்களைப் பத்திரிகையிலேயே கண்டித்து எழுதினார் ஹானிமன்.

தன் கையால் நோயாளிக்குக் கெடுதல் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அதனால் குடும்பம் வறுமையில் விழுந்தது. ஊர் ஊராக வீடு மாறினார்கள்.

1790-ம் ஆண்டு அவர் ஒரு மருத்துவப் புத்தகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முறைக்காய்ச்சலைக் குணமாக்கும் சிங்கோனா பட்டையைப்பற்றி அதில் எழுதி இருந்தது. புத்தகம் சொன்ன காரணம் அவருக்குத் திருப்தி தரவில்லை. நல்ல உடம்போடு இருந்த அவர், பட்டையைத் தானே தின்று பார்த்தார். காய்ச்சல் கண்டவர்போலக் கை கால் சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது.

எந்தப் பொருள் நல்ல உடம்பில் ஒரு நோயின் அடையாளத்தைக் காட்டுகிறதோ, அதே பொருள் அந்த நோயைத் தீர்க்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1796-ல் இதை எழுதி வெளியிட்டார். 1810-ல் ஆர்கனான் என்ற பெரிய நூல் வந்தது.

பட்டையில் உள்ள கொயினா, மலேரியாக் கிருமியைக் கொல்கிறது; அதனால்தான் காய்ச்சல் நிற்கிறது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1880-ம் ஆண்டு. அப்போது ஹானிமன் உயிரோடு இல்லை.

மருந்தின் வேகத்தைக் குறைக்க அவர் ஒரு வழி கண்டார். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்தில் கலந்து குலுக்குவது. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பது. இப்படி 30 தடவை வரை செய்வார். 12 தடவை தாண்டினாலே முதலில் போட்ட மருந்தில் ஒரு துகள்கூட மிஞ்சாது என்பது இன்றைய கணக்கு. ஆனாலும் ஜனங்கள் அவரிடம் கூட்டமாக வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள்? மற்ற வைத்தியர் ரத்தம் எடுத்தார், இவர் எடுக்கவில்லை. நல்ல காற்று, சுத்தம், ஓய்வு, அளவான சாப்பாடு வேண்டும் என்றார். அதிலேயே பலர் பிழைத்தார்கள்.

பச்சை உடம்பும் ஆர்னிகாவும்

ஹானிமன் சோதித்த மருந்துகளில் ஒன்று ஆர்னிகா. ஐரோப்பிய மலைகளில் பூக்கும் மஞ்சள் பூ. கீழே விழுந்து அடிபட்டவர்களுக்கு அந்நாட்டு மக்கள் அதைப் பூசுவது வழக்கம். இன்று சிசேரியன் ஆன தாய்மார்களுக்கும், புண் சீக்கிரம் ஆறும் என்று சொல்லி ஆர்னிகா உருண்டை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹானிமன் காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தால் தாய் பிழைப்பது அபூர்வம். கருப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவார்கள். ரத்தம் கொட்டியும் சீழ் பிடித்தும் தாய் இறந்து போவாள். அந்த நிலையை மாற்றியது உருண்டை அல்ல, ஊசியும் நூலும். 1882-ல் மாக்ஸ் சேங்கர் என்ற டாக்டர், கருப்பையைத் தைத்து மூடும் முறையை எழுதி வெளியிட்டார். அவர் இருந்த ஊரும் ஹானிமன் படித்த அதே லீப்சிக்தான்!

ஓமியோபதி எந்த நோயையும் தீர்ப்பதாக நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-ல் அறிவித்தது. மிகவும் கரைத்த உருண்டை தாய்ப்பாலைக் கெடுக்காது; அதில் ஒன்றும் இல்லை. கரைக்காத தாய்த் திரவம் அப்படி அல்ல. அதில் மூலிகைச் சத்தும் உண்டு, சாராயமும் உண்டு. ஆர்னிகாச் செடி வயிற்றுக்குள் போனால் விஷம். அந்தக் களிம்பைத் தையல் புண்ணிலோ, குழந்தை வாய் வைக்கும் மார்பிலோ தடவக் கூடாது. தையல் சிவந்து வீங்கினாலும், சீழ் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ரத்தப்போக்கு அதிகமானாலும் பிள்ளை பெற்றவளை அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற வலி மாத்திரைகள் டாக்டர்களிடம் இருக்கின்றன.

ஆண் உடையில் வந்த பெண்

1812 முதல் லீப்சிக் கல்லூரியில் ஹானிமன் பாடம் நடத்தினார். மருந்தைத் தானே தயாரித்துக் கொடுத்ததால் மருந்துக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1820-ல் அவரிடம் வைத்தியம் பார்த்த தளபதி சுவார்சன்பர்க் இறந்தது எதிரிகளுக்கு நல்ல சாக்காகிவிட்டது. 1821-ல் கோத்தன் என்ற சிற்றூருக்குப் போனார். அந்த ஊர்ப் பிரபு அவரை ஆதரித்தார். 1830-ல் மனைவி ஹென்ரியட் இறந்தார்.

கிழவர் கதை அதோடு முடிந்தது என்றே ஊர் நினைத்தது. 1834-ம் ஆண்டு பாரீசில் இருந்து ஓர் இளைஞன் வைத்தியம் பார்க்க வந்தான். பிறகுதான் தெரிந்தது, ஆண் உடையில் வந்தது பெண் என்று! பெயர் மெலனி. ஓவியம் வரைபவர். வயது 34. மூன்றே மாதத்தில், 1835 ஜனவரியில், 79 வயது ஹானிமனுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? இருவரும் பாரீசுக்குக் குடிபோனார்கள். அங்கே பணக்காரரும் ஏழையும் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். மெலனியும் வைத்தியம் கற்றுக்கொண்டார்.

1843-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, 88-வது வயதில் ஹானிமன் காலமானார். சவ ஊர்வலத்தில் ஒரு சிலரே போனார்கள். டாக்டர் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1847-ல் மெலனிக்கு அபராதம் விதித்தார்கள். கணவர் கடைசியாகத் திருத்தி எழுதிய ஆர்கனான் கையெழுத்துப் பிரதி மெலனியிடம் இருந்தது. அது அச்சாகி வெளிவந்தது 1921-ம் ஆண்டுதான். மோன்மார்த்தர் சுடுகாட்டில் புதைத்த ஹானிமனின் உடலை, 1898-ல் தோண்டி எடுத்து, பாரீசின் பெரிய கல்லறைத் தோட்டமான பேர் லாஷேசில் அடக்கம் செய்தார்கள்.