மாட் டால்பட்: புகையிலையை விட்ட தொழிலாளி

நன்னிலம் பக்கத்தில் நடவுக்குப் போகிறவர்களின் இடுப்பில் வெற்றிலையோடு புகையிலையும் போகும். அலுப்புத் தெரியாது என்பார்கள். விட நினைக்கும்போதுதான் அதன் பிடி நமக்குப் புரிகிறது.

மாட் டால்பட் 1856-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் மதுக்கிடங்கில் வேலை. குடியும் அங்கேயே தொற்றியது. குடிப்பதற்காகத் தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலையே திருடி விற்றார். 1884-இல் ஒருநாள் கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். அவர் வாங்கிக் கொடுத்துக் குடித்த நண்பர்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. அன்றே குருவானவரிடம் போய்க் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார், மூன்றே மாதத்திற்கு! (நாமோ எடுத்த எடுப்பில் ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்து, மறுவாரமே மீறுகிறோம்.) மாலையில் கால்கள் கடைப்பக்கம் இழுக்குமே என்று கோவிலுக்கு நடந்தார். கையில் காசு வைத்துக்கொள்வதையும் நிறுத்தினார். தவணை ஆறு மாதமாகி, பிறகு ஆயுளுக்கும் ஆனது.

அடுத்தது புகையிலை. உடன் வேலைசெய்தவர் கொஞ்சம் கேட்க, அப்போதுதான் வாங்கிய புகையிலையையும் புகைக்குழாயையும் அவரிடமே கொடுத்துவிட்டார். குடியை விட்டதைவிட இதுதான் தமக்குக் கடினமாக இருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நமக்கு இதில் வியப்பில்லை. நிகோட்டின் உடலைத் தூண்டிவிடும் பொருள். நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிலைக்காமை. முதல் இரண்டு, மூன்று நாள்தான் உச்சம்; சில வாரங்களில் தணியும். பெருங்குடியைத் திடீரென நிறுத்துவது வேறு. அது உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் துணை வேண்டும்.

1925 ஜூன் 7 அன்று திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அந்தப் பிடில்காரரை அவர் பல ஆண்டுகள் தேடினார், கிடைக்கவில்லை. கொடுக்க வைத்திருந்த பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார்.