செனெகாவின் இரவுக் கணக்கு

அறிவுரை கூறுவோரின் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பது நம் இயல்பு. சொல்லும் செயலும் ஒன்றாக இருந்தால் வணங்குகிறோம். இடையே விரிசல் தென்பட்டால், அந்த மனிதரோடு சேர்த்து அவர் சொன்ன நல்லவற்றையும் ஒதுக்கிவிடுகிறோம். இந்த அளவுகோல் சரிதானா என்ற ஐயத்தை எனக்குள் எழுப்பியவர், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் வாழ்ந்த தத்துவ அறிஞர் செனெகா.

கி.மு. 300-ஐ ஒட்டி, ஏதென்ஸ் நகரத்தில் ஓவியங்கள் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபத்தில் ஸீனோ என்பவர் மாணவர்களுக்குக் கற்பித்து வந்தார். கிரேக்க மொழியில் அத்தகைய மண்டபத்துக்கு ஸ்டோவா என்று பெயர். அங்கு பிறந்த சிந்தனை ஸ்டோயிக் தத்துவம் எனப்பட்டது. செல்வமும் புகழும் உடல்நலமும் வரும், போகும். அவற்றால் ஒருவர் நல்லவராகவோ தீயவராகவோ ஆவதில்லை. நற்பண்பு ஒன்றே உண்மையான நன்மை என்பது அதன் சாரம். அந்தத் தத்துவத்தை லத்தீன் மொழியில் எளிமையாகவும் அழகாகவும் எழுதியவர்களில் முதன்மையானவர் செனெகா.

அவர் கி.மு. 4-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினின் கோர்டோபா நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே ரோமுக்குக் கொண்டுவரப்பட்டார். மூச்சிரைப்பு நோய் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. இளமையில் தத்துவ ஆசிரியர்களின் தாக்கத்தால் ஓராண்டு புலால் உண்பதைக் கைவிட்டார். தந்தை கேட்டுக்கொண்டதால் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார். கொண்ட கொள்கைக்கும் சூழலின் நெருக்கடிக்கும் இடையே அவர் கண்ட முதல் சமரசம் இதுவாக இருக்கலாம். பிற்காலச் சமரசங்கள் இதைப் போலச் சிறியவையாக இல்லை.

கி.பி. 41-இல் பேரரசர் கிளாடியஸ், அரச குடும்பத்துப் பெண் ஒருவருடன் தகாத உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டி, செனெகாவைக் கோர்சிகா தீவுக்கு நாடுகடத்தினார். அவருடைய ஆண் குழந்தை இறந்து 20 நாள்கள்கூட ஆகாத வேளை அது. அந்தத் தீவிலிருந்து தம் தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் கூறி ஒரு நூல் எழுதினார். எங்கு சென்றாலும் மேலே அதே வானம்தான். நம் பண்பும் நம்மோடு வருகிறது. ஆகவே தமக்காக வருந்த வேண்டாம் என்று தாயைத் தேற்றினார். அதே தீவிலிருந்துதான், அரசவையில் செல்வாக்கு மிக்க போலிபியஸ் என்பவருக்கும் ஓர் ஆறுதல் நூல் எழுதினார். தம்மைத் தண்டித்த பேரரசரை அதில் மிகையாகப் புகழ்ந்தார். மன உறுதியும் மன்றாடலும் ஒரே கையிலிருந்து வெளிவந்தன.

எட்டு ஆண்டுகள் கழித்து, பேரரசரின் புதிய மனைவி அக்ரிப்பினா அவரைத் திரும்ப வரவழைத்தார். தம் மகன் நீரோவுக்குக் கல்வி கற்பிக்கும் பொறுப்பை அளித்தார். நீரோவுக்கு அப்போது 11 வயது. கி.பி. 54-இல், பதினேழு வயதுகூட நிறையாத அந்தச் சிறுவன் பேரரசனானான். செனெகாவும் படைத்தலைவர் புர்ருஸும் அருகிலிருந்து ஆட்சியை நடத்தினர். தொடக்க ஆண்டுகள் நல்லாட்சியாகவே அமைந்தன.

எனினும், மறு ஆண்டே பேரரசர் கிளாடியஸின் மகன் பிரிட்டானிக்கஸ் விருந்தொன்றில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதன்பின் செனெகா எழுதியதாகக் கருதப்படும் நூல், ஆட்சியாளருக்குரிய கருணையைப் பற்றியது. குருதி சிந்தாத மன்னன் என்று அதில் நீரோவைப் பாராட்டினார். பாராட்டின் வழியாக நல்வழிப்படுத்த முயன்றார் என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. நானும் அந்த வாதத்தை நம்பவே விரும்புகிறேன். முழுமையாக நம்ப முடியவில்லை.

இதற்கிடையே அவருடைய செல்வம் பெருகியது. நான்கே ஆண்டுகளில் 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்தது எந்தத் தத்துவத்தின்படி என்று கி.பி. 58-இல் சுயில்லியஸ் என்பவர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். கேட்டவரும் நல்லவரல்லர், அதே ஆண்டில் அவர் நாடுகடத்தப்பட்டார். ஆனால், அவர் கேட்ட கேள்வி இன்றுவரை செனெகாவைத் தொடர்கிறது.

கி.பி. 59-இல் நீரோ தன் தாயையே கொன்றான். முதலில் உடைந்து மூழ்கும்படி அமைத்த படகில் ஏற்றினான். அவர் நீந்தித் தப்பியதும் வீரர்களை அனுப்பினான். பிறகு, தாயே தன்னைக் கொல்லச் சதி செய்தார் என்று நியாயம் கற்பித்து செனட் சபைக்கு ஒரு கடிதம் அனுப்பினான். அதை எழுதிக் கொடுத்தவர் செனெகா. அந்தச் சபையில் திரேசியா பீட்டஸ் என்றோர் உறுப்பினர் இருந்தார்; அவரும் ஸ்டோயிக் நெறியைப் பின்பற்றியவர். மற்றவர்கள் நன்றி வழிபாடுகளுக்குத் தீர்மானம் கொண்டுவந்தபோது, அவர் எழுந்து வெளியே சென்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் உயிர் துறக்கப் பணிக்கப்பட்டார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என்னால் செனெகாவை எளிதாகக் கண்டிக்க முடிவதில்லை. என் பணிக்காலத்தில், தவறென்று தெரிந்தே ஒரு முடிவுக்கு நியாயம் கற்பித்து நானும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மொழி நன்றாக வரும் என்பதால் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. என் வாக்கியங்களில் பிழையில்லை. அந்தக் குறிப்பின் விளைவாக, தவறு செய்யாத கீழ்நிலை ஊழியர் ஒருவர் பழியைச் சுமந்தார். அவருடைய பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போனது. நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார் என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். செனெகாவும் அப்படித்தான் எண்ணியிருப்பாரோ?

கோபத்தைப் பற்றிய நூலில், தம் அன்றாடப் பழக்கம் ஒன்றை அவர் விவரிக்கிறார். இரவில் விளக்கு அகற்றப்பட்டு, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் தம்முன் நிறுத்தி விசாரிப்பாராம். எவரிடம் கடுமையாகப் பேசினோம், எங்கே அளவு மீறினோம் என்று எதையும் மறைக்காமல் கேட்பாராம். குற்றவாளியும் நீதிபதியும் தாமே என்பதால் அஞ்சத் தேவையில்லை. இம்முறை மன்னிக்கலாம், மறுமுறை கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டு உறங்குவாராம். அந்தக் கடிதம் எழுதிய நாளின் இரவில் அவர் என்ன தீர்ப்பு எழுதினார் என்பதை அறிய எனக்கு ஆவல் உண்டு.

கி.பி. 62-இல் புர்ருஸ் இறந்தார். செனெகா தம் சொத்துகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஓய்வளிக்குமாறு நீரோவிடம் வேண்டினார். நீரோ இனிமையாகப் பேசி மறுத்தான். ஆயினும், செனெகா அரண்மனையிலிருந்து மெல்ல விலகினார். எஞ்சிய மூன்று ஆண்டுகளில் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களில் 124 நமக்குக் கிடைத்துள்ளன. காலத்தை வீணாக்காமை, நட்பு, முதுமை, மரண பயம் எனப் பலவற்றை அவை பேசுகின்றன. அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு அமர்ந்து உண்பதில் இழிவில்லை என்று ஒரு கடிதம் வாதிடுகிறது. தாம் குணமடைந்த மருத்துவர் அல்லர், அதே நோய்க்கூடத்தில் படுத்திருக்கும் சக நோயாளி என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்.

கி.பி. 65-இல் நீரோவைக் கொல்லும் சதி ஒன்று அம்பலமானது. செனெகாவுக்கு அதில் பங்கு உண்டோ இல்லையோ, உயிர் துறக்கும்படி கட்டளை வந்தது. நண்பர்களின் அழுகையைக் கடிந்து அடக்கினார். உயில் எழுத அனுமதி மறுக்கப்பட்டதால், தம் வாழ்க்கையின் உருவத்தையே அவர்களுக்கு விட்டுச்செல்வதாகக் கூறினார் என்கிறார் டாசிட்டஸ். அந்த உருவம் மாசற்றதல்ல என்பது, ஒவ்வோர் இரவும் கணக்குப் பார்த்த அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பணி ஓய்வுக்குப் பின் செனெகாவைப் படிக்கத் தொடங்கிய நான், அந்த இரவுக் கணக்கையும் பழகத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே அந்தப் பழைய குறிப்பு நினைவில் எழுந்து நின்றது. சில மாதத் தயக்கத்துக்குப் பின், அந்த ஊழியரின் வீட்டைத் தேடிச் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அது என் எழுத்து என்று அன்றே தெரியும் என்றார். உள்ளே திரும்பி, இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார். அவர் இழந்த ஆண்டுகளை என் மன்னிப்பு திருப்பித் தரவில்லை.

திரேசியாவைப் போல எழுந்து வெளியேறும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. துணியாதவர்களுக்கு இரவுக் கணக்கு ஒன்றாவது வேண்டும். ஆனால், அது மறுநாள் காலை நம் கையைத் தடுக்க வேண்டும்; தடுக்காத கணக்கு வெறும் தாலாட்டாகிவிடும். செனெகாவின் நூல்கள் முன்னதையும் அவருடைய வாழ்க்கை பின்னதையும் எனக்குக் கற்பித்தன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே அவருக்கும் நமக்கும் நியாயம்.