ஹாஃப்மனும் ஒரு சூடான கம்பியும்

ஆலையில் சேர்ந்த முதல் வாரம், நைட் ஷிஃப்ட். பார்மலின் சாம்பிள் பாட்டிலை முகத்துக்கு நேராகத் திறந்துவிட்டேன். கண்ணில் பச்சை மிளகாய் தேய்த்த மாதிரி எரிச்சல். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே, இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யாருப்பா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்தவர்தான் அகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன்.

1818-ல் ஜெர்மனியின் கீசன் நகரில் பிறந்தார். அப்பா கட்டிடக் கலைஞர். லீபிக்கின் ஆய்வகத்தை விரிவாக்கிக் கட்டியவர். சட்டமும் மொழிகளும் படிக்கப்போன மகன், அதே லீபிக்கிடம் போய் வேதியியலில் மாட்டிக்கொண்டார். 1845-ல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரிக்குத் தலைவரானார். அங்கே அவருடைய மாணவர் பெர்கின், 18 வயதில், 1856 ஈஸ்டர் லீவில் கொய்னா செய்யப்போய் ஊதாச் சாயம் செய்துவிட்டார். படிப்பை விட்டுவிட்டு ஆலை வைக்கப்போகிறேன் என்றதும் குருவுக்குப் பிடிக்கவில்லை. (நம்ம ஹெச்.ஓ.டி. மட்டும் சம்மதித்திருப்பாரா என்ன!) கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்று நாம் லேபில் பார்த்த உருண்டைகளும் இவர் கொடுத்த நிறங்கள்தான். 1865-ல் குரோக்கே பந்துகளை வைத்து மேடையில் காட்டினார். வீட்டில் மட்டும் துக்கத்துக்குக் குறைவில்லை. நான்கு முறை மணந்தவர். முதல் மூன்று மனைவியரையும் பறிகொடுத்தவர்.

பெர்லினுக்குத் திரும்பிய பிறகுதான் நம் கதை. ஆல்டிஹைடு வரிசையில் முதல் ஆள் யார் கைக்கும் சிக்காமல் இருந்தது. ரஷ்யாவின் பட்லெரோவ் 1859-லேயே செய்துவிட்டார். ஆனால் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை. 1867-ல் ஹாஃப்மன், மெத்தனால் ஆவியையும் காற்றையும் பழுக்கக் காய்ந்த பிளாட்டினச் சுருள்மேல் செலுத்தி அதைப் பிடித்தார். காற்றில் மெத்தனால் சுமார் 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1892-ல் ஹாஃப்மன் காலமானார். உலோக ஆக்சைடு வந்ததை அவர் பார்க்கவில்லை. அமெரிக்காவில் அட்கின்ஸும் பீட்டர்சனும் 1931-ல் சொன்னது இது: இரும்பு ஆக்சைடு மட்டும் இருந்தால் மெத்தனாலை எரித்துத் தள்ளிவிடும், மாலிப்டினம் ஆக்சைடு பார்மால்டிஹைடோடு நிறுத்தும், ஆனால் ஆமை வேகம். இரண்டையும் சேர்த்தால் வேகமும் உண்டு, நிதானமும் உண்டு. சூட்சுமம் கைமாற்றில் இருக்கிறது. ஆக்சைடு தன் படிகத்திலுள்ள ஆக்சிஜனை மெத்தனாலுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு காற்றிலிருந்து வசூல் பண்ணிக்கொள்கிறது. காற்று குறைந்தால் வசூல் நின்றுபோகும்; கடன் கொடுத்தவன் பாடு திண்டாட்டம்.

மாலிப்டினம் மெத்தனாலோடு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, குழாயில் கீழே போய்ப் படியும். அழுத்த வித்தியாசம் ஏறும். எங்கள் ரியாக்டரில் இப்போது ஏறிக்கொண்டேயிருக்கிறது. கேட்டலிஸ்ட் மாற்றும் தேதியும் நம் சந்திப்பு நாளும் ஒன்றாக வந்துவிட்டன. மதியச் சாப்பாட்டுக்குள் எப்படியாவது வந்து சேர்கிறேன். எனக்கு ஒரு இலை போட்டு வையுங்கள்.