நாகபுரியில் ஆலை கண்ட ஜாம்ஷெட்ஜி

நாகபுரியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு ஜாம்ஷெட்ஜி டாடாவின் பெயர் புதிதன்று. எஃகும் மின்சாரமும் பெங்களூர் அறிவியற் கழகமும் அப்பெயரோடு உடன் நினைவுக்கு வரும். ஆயினும், ஆட்களைப் பேணித் தொழில் வளர்க்கும் முறையை அவர் பழகிக்கொண்டது இந்நகரின் பஞ்சாலை ஒன்றில் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆதலின் எஃகைச் சற்று ஒதுக்கி வைத்து, ஈண்டுப் பஞ்சைப் பற்றியே மிகுதியும் கூறப் புகுகின்றோம்.

1839-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் குசராத்தின் நவசாரியில், பார்சிப் புரோகிதர் குடியில் அவர் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858-இல் படிப்பை முடித்துத் தந்தையாரின் வாணிகத்தில் சேர்ந்தார். 1868-இல் ரூ. 21,000 முதலிட்டுத் தனி வாணிகம் தொடங்கினார். நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக்கி இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளைக் கண்டு திரும்பினார்.

திரும்பியவர் பம்பாயை விட்டு நாகபுரியைத் தேர்ந்தது பலருக்கும் வியப்பாயிற்று. பருத்தி விளையும் மண் அருகில் இருந்தது. இருப்புப் பாதை இருந்தது. வரோராவில் நிலக்கரி இருந்தது. 1874-இல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தோன்றியது. புகைவண்டி நிலையத்தை அடுத்த சதுப்பு நிலத்தை வாங்கி மண் கொட்டி நிரப்பினார்கள். உள்ளூர் மார்வாரிச் செல்வர் ஒருவர், பொன்னை மண்ணில் புதைக்கும் வேலை இது என்று கூறிக் கடன் தர மறுத்தார் என்பர். பின்னாளில் அவரே, டாடா மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டாராம். விக்டோரியா பேரரசியாக அறிவிக்கப்பெற்ற 1877 ஜனவரி முதல் நாளில் ஆலை திறக்கப்பட்டு, எம்பிரஸ் மில் எனப் பெயர் பெற்றது.

தொடக்கம் நன்றாக அமையவில்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் தரத்தில் தாழ்ந்தவை. நூலும் அவ்வாறே வந்தது. பங்கின் விலை சரிந்தது. ஜாம்ஷெட்ஜி இயந்திரங்களைப் படிப்படியாக மாற்றினார். லங்காஷயரே தயங்கி நின்ற வளையக் கதிர்களை 1883-இல் இங்கே சோதித்துப் பார்த்தார். ஆலையை நடத்த அவர் அமர்த்திய பெசன்ஜி மேத்தாவோ பஞ்சுத் தொழில் அறியாதவர். ரெயில்வே சரக்குப் பகுதியில் பணி புரிந்தவர். தொழிலைக் கற்பித்துவிடலாம், மனிதரை நடத்தும் திறத்தைக் கற்பித்தல் அரிது என்பது ஜாம்ஷெட்ஜியின் கணிப்புப் போலும். அக்கணிப்புப் பிழைபடவில்லை.

பெருந்தொல்லை ஆட்களின் வரவில் இருந்தது. ஐந்தில் ஒருவர் போல் எந்நாளும் வராதிருந்தனர். வயலிலும் சிறு தறியிலும் பழகிய மக்களுக்கு ஆலைச் சங்கின் கட்டளை புதிது. அபராதம் விதிப்பதும் வேலையை விட்டு விலக்குவதுமே பிற ஆலைகள் அறிந்த மருந்து. ஜாம்ஷெட்ஜி வேறு வழி தேடினார். நாகபுரிக் கோடையின் வெம்மையை நாம் அறிவோம். அவ்வெம்மையில் நூலும் அறும், நூற்பவன் உள்ளமும் அறும். ஆகவே காற்றை ஈரமாக்கும் கருவிகளையும் தீயணைக்கும் நீர்த்தாரைகளையும் அமைத்தார். 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்து ஈட்டுத்தொகையும், 1901-இல் சேமநிதியும் வந்தன. விபத்து ஈட்டுத்தொகைக்கு நாட்டில் சட்டம் வந்தது 1923-இல், சேமநிதிக்கு 1952-இல். ஆண்டுதோறும் பரிசளிப்பு நாள் நடத்தித் தவறாது வந்தவர்க்கும் திறம்பட உழைத்தவர்க்கும் கடிகாரமும் காப்பும் வழங்கினார்கள். அவ்விழாவுக்குத் தொழிலாளர் குடும்பங்களும் வந்தன.

இவற்றையெல்லாம் கொடை என்று மட்டும் கூறிப் புகழ்தல் எமக்கு உடன்பாடன்று. அவர் கணக்கறிந்த வணிகர். நாள்தோறும் ஆள் மாறும் ஆலையில் நூல் சீராக வாராது என்பதை அறிந்தே செலவிட்டார். நலம் செய்வதும் இலாபம் காண்பதும் ஒன்றையொன்று தின்னும் பகை அல்ல என்று பங்குதாரர்க்குக் காட்டியதே அவரது தனித்திறம்.

அத்திறத்துக்குக் கடுஞ்சோதனை 1886-இல் வந்தது. குர்லாவில் சீர்குலைந்து கிடந்த தரம்சி ஆலையைப் பன்னிரண்டரை லட்சத்துக்கு வாங்கிச் சுதேசி மில் எனப் பெயரிட்டார். இயந்திரங்கள் பழுது, நூலோ சந்தையில் மதிப்பிழந்தது, பங்கு வீழ்ந்தது, கடன் தருவாரும் இல்லை. டாடாவின் பெயரே கெட்டுவிடுமோ என்ற நிலை. ஜாம்ஷெட்ஜி தம் எம்பிரஸ் பங்குகளில் சிலவற்றை விற்றார். நாகபுரியில் தேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு அழைத்துக்கொண்டார். ஆலை நிமிர ஆண்டுகள் சில சென்றன, ஆனால் நிமிர்ந்தது. கட்டடத்தையும் கருவியையும் விலைக்கு வாங்கிவிட்டார். அவற்றை ஓட்டும் கைகளை நாகபுரியில் முன்னரே வளர்த்து வைத்திருந்ததால்தான் பிழைத்தார்.

1902-இல் மகன் தொராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், இடமே முடிவாகாத எஃகு நகரைப் பற்றி அறிவுறுத்தினார். தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், விரைந்து வளரும் நிழல்மரங்கள் வேண்டும், பந்தாடும் திடல்களும் எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்களும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904 மே 19-இல் செருமனியின் நாவைமில் அவர் மறைந்தார். எஃகுக் கம்பெனி 1907-இல்தான் பிறந்தது. 1912-இல் அங்கே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1920-இல் சம்பளத்துடன் விடுப்பு. ஆயினும் அதே ஊரில் 1920, 1922, 1928 ஆண்டுகளில் வேலைநிறுத்தங்களும் நிகழ்ந்தன என்பதை மறைத்தல் முறையன்று. தந்தை வகுத்த நெறி இருந்தும், கூலியும் ஆட்குறைப்பும் பேச்சுக்கு வந்தபோது தொழிலாளர் தம் சங்கத்தையே நாடினர்.

எம்பிரஸ் மில் 1986-இல் டாடா குடும்பத்தின் கையை விட்டு அகன்றது, பின்னர் மூடப்பட்டது. சாக்சி என்ற சிற்றூரோ 1919-இல் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதனை அடுத்த காலிமாட்டி நிலையத்துக்கு டாடாநகர் என்று பெயரிட்டார்கள்.