ஆர்க்வா: பெட்ரார்க் தேர்ந்த ஊர்

இத்தாலி நாட்டின் வடகிழக்கே, பதுவா நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே யூகானியக் குன்றுகள் எழுகின்றன. பண்டைய எரிமலைகளின் எச்சமாகிய இக்குன்றுகளின் சரிவொன்றில் ஆர்க்வா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கல் பாவிய குறுகிய தெருக்கள், கொடிமுந்திரித் தோட்டங்கள், ஒலிவ மரங்கள், வீட்டு முற்றங்களில் இலந்தை இனத்து மரங்கள் என இன்றும் ஆரவாரமின்றி விளங்கும் ஊர் அது. 1868ஆம் ஆண்டில் அவ்வூர் தன் பெயரோடு ஒரு கவிஞரின் பெயரையும் இணைத்துக்கொண்டு ஆர்க்வா பெட்ரார்க்கா ஆயிற்று.

பிரான்செஸ்கோ பெட்ரார்க் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். அங்கு வளர்ந்தவரும் அல்லர். தம் எழுபதாண்டு வாழ்வின் இறுதி நான்காண்டுகளையே அங்குக் கழித்தார். முடிசூட்டப்பெற்ற கவிஞராய், மன்னரும் திருத்தந்தையரும் மதித்த அறிஞராய், ஐரோப்பாவின் பெருநகரங்கள் பலவற்றைக் கண்டவராய் விளங்கிய அவர், வாழ்வின் கடைசி இல்லத்தை இத்தகைய ஊரில் அமைத்துக்கொண்டது ஏன் என்பதை அவர்தம் வாழ்வு முழுவதையும் நோக்கினாலன்றி அறிய இயலாது.

ஊரற்ற பிறப்பு

பெட்ரார்க்கின் தந்தை பெட்ராக்கோ புளோரன்ஸ் நகரில் ஆவணம் எழுதும் தொழில் புரிந்தவர். 1302ஆம் ஆண்டில் நகரின் கட்சிப் பூசலில் தோற்றோர் நாடு கடத்தப்பட்டபோது, அவரும் வெளியேற்றப்பட்டார். மாகவி தாந்தே ஊரிழந்ததும் அதே ஆண்டில்தான். இவ்வாறு வீடிழந்த பெற்றோருக்கு, 1304ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள், அரெஸ்ஸோ நகரில் பெட்ரார்க் பிறந்தார். தாய் எலெத்தா. 1312ஆம் ஆண்டளவில் குடும்பம் தென் பிரான்சுக்குப் பெயர்ந்தது. திருத்தந்தையின் அவை அப்போது அவிஞான் நகரில் இருந்தமையால், பிழைப்பை நாடிய இத்தாலியர் பலர் அங்குக் குடியேறினர்.

மகன் சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மொன்பெலியே, பொலோனா ஆகிய நகரங்களில் பெட்ரார்க் சட்டம் பயின்றார்; ஆனால் அவர் நெஞ்சம் இலத்தீன் இலக்கியத்தில் தோய்ந்திருந்தது. ஒருநாள் மகன் ஒளித்து வைத்திருந்த நூல்களைக் கண்டெடுத்த தந்தை, சினங்கொண்டு அவற்றை நெருப்பிலிட்டார். மகனின் அழுகையைப் பொறாமல், எரிந்துகொண்டிருந்தவற்றுள் வர்ஜிலின் நூலொன்றையும் சிசரோவின் நூலொன்றையும் தாமே எடுத்துக் கொடுத்தார். இந்நிகழ்ச்சியை முதுமையில் எழுதிய மடலொன்றில் பெட்ரார்க் நினைவுகூர்ந்துள்ளார். 1326இல் தந்தை மறைந்தார். சட்டப் படிப்பும் அத்துடன் நின்றது.

லாராவும் லாரலும்

1327ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அவிஞானில் புனித கிளாரா ஆலயத்தில் லாரா என்னும் பெண்ணைப் பெட்ரார்க் கண்டார். அவள் யார் என்பது குறித்து அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கைகூடாத அக்காதலே அவர்தம் தாய்மொழிப் பாடல்களுக்கு ஊற்றாயிற்று. திருச்சபையின் கீழ்நிலைப் பணிகளை ஏற்று, அதன் வருவாயில் வாழ்ந்தமையால் அவர் மணம் புரியவில்லை. எனினும் 1337இல் ஜியோவான்னி என்ற மகனும், 1343இல் பிரான்செஸ்கா என்ற மகளும் அவருக்குப் பிறந்தனர். அவர்களின் தாயைப் பற்றி வரலாறு ஏதும் சொல்லவில்லை.

1337இல் அவிஞானின் இரைச்சலை விடுத்து, சோர்க் ஆறு பாறையடியிலிருந்து பிறக்கும் வோக்ளூஸ் பள்ளத்தாக்கில் குடியேறினார். நாட்டுப்புறத் தனிமையும் நூற்கல்வியும் இணைந்த வாழ்வை அவர் முதன்முதலாகச் சுவைத்த இடம் அதுவே. ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவைத் தலைவனாகக் கொண்டு, 'ஆப்பிரிக்கா' என்னும் இலத்தீன் காப்பியத்தை அக்காலத்தில்தான் தொடங்கினார். தமக்கு அழியாப் புகழைத் தேடித் தருவது அக்காப்பியமே என்று அவர் உறுதியாக நம்பினார். காப்பியம் முற்றுப்பெறுமுன்னரே புகழ் வந்தது. நேப்பிள்ஸ் மன்னர் ராபர்ட் முன்னிலையில் புலமைத் தேர்வுக்கு உட்பட்டு, 1341ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ரோமாபுரியின் கேப்பிடல் குன்றில் கவிஞர்க்குரிய லாரல் முடியைச் சூடினார். காதலியின் பெயரும் கவிமுடிக்குரிய தழையின் பெயரும் ஓசையால் ஒன்றியிருந்தமை அவர் பாடல்களில் மீண்டும் மீண்டும் எதிரொலிக்கும் சிலேடையாயிற்று.

1345இல் வெரோனாவில் சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய மடல்களின் படியொன்றைக் கண்டறிந்தார். மறுமலர்ச்சிக் காலத்தின் தொடக்கத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசும் அறிஞர் பலர். மூன்றாண்டுகளில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியது. 1348இல், தாம் முதன்முதல் கண்ட அதே ஏப்ரல் 6ஆம் நாளில் லாரா மறைந்ததாக, எப்போதும் தம்முடன் வைத்திருந்த வர்ஜில் ஏட்டின் முகப்பில் அவர் குறித்து வைத்தார். அவ்வேடு இன்று மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் உள்ளது.

அழைத்த ஊர்களும் அகன்ற ஊர்களும்

1350இல் புளோரன்ஸ் நகரில் போக்காச்சியோவைச் சந்தித்தார். அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நிலைத்தது. மறு ஆண்டு, புளோரன்ஸ் அரசின் தூதராகப் போக்காச்சியோவே பதுவாவுக்கு வந்தார். பறிக்கப்பட்ட தந்தையின் உடைமை மீட்டளிக்கப்படும், புதிய பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி காத்திருக்கிறது என்பது அவர் கொணர்ந்த செய்தி. பிறப்பதற்கு முன்பே இழந்த ஊர் ஐம்பதாண்டுகளுக்குப்பின் அழைத்தது. பெட்ரார்க் நன்றி கூறினார், ஆனால் செல்லவில்லை. 1353இல் புளோரன்ஸ் நகரின் பகைவராகிய விஸ்கோந்தி குடியினரின் ஆதரவில் மிலானில் குடியேறினார். தனிமையையும் உரிமையையும் போற்றியெழுதிய கவிஞர் கொடுங்கோலரின் நிழலில் வாழ்வது கண்டு போக்காச்சியோ உள்ளம் நொந்தார், வெளிப்படையாகவே கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நட்பு முறியவில்லை. 1362இல், துறவி ஒருவரின் எச்சரிக்கைக்கு அஞ்சி, இலக்கியத்தையும் நூல்களையும் கைவிடத் துணிந்த போக்காச்சியோவைத் தடுத்து நிறுத்தியவர் பெட்ரார்க்கே.

மிலான் வாழ்வின் முடிவில், 1361இல், மனவேறுபாடு முற்றிலும் தீராத நிலையில் மகன் ஜியோவான்னி கொள்ளைநோய்க்கு இரையானார். அடுத்த ஆண்டு வெனிஸ் அரசுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கவிஞர் தம் நூல்களை அந்நகருக்கு உரிமையாக்குவார், நகரம் அவர் வாழக் கடலோரத்தில் மாளிகை தரும். பொது நூலகம் பற்றிய அரிய கனவு அது. ஆனால் அங்கும் அவர் நிலைக்கவில்லை. அரிஸ்டாட்டிலைப் போற்றிய இளைஞர் நால்வர் அவரை நல்லவரென்றும் கல்லாதவரென்றும் தம்முள் தீர்ப்புரைத்த செய்தி அவரைச் சுட்டது. தம்முடையதும் பிறருடையதுமான அறியாமை குறித்து ஒரு நூலே எழுதி மறுமொழி தந்தார். 1368இல் மகளின் இரண்டு வயதுக் குழந்தை, அவர் பெயரையே தாங்கிய பேரன், பாவியாவில் இறந்தது. அவ்வாண்டிலேயே வெனிஸை விட்டுப் பதுவாவுக்குப் பெயர்ந்தார்.

குன்றின் சரிவில் ஓர் இல்லம்

பதுவாவின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ தா கராரா கவிஞரிடம் பேரன்பு கொண்டவர். அவர் ஆர்க்வாவில் அளித்த நிலத்தில், வீட்டைத் தம் விருப்பப்படி பெட்ரார்க் திருத்தியமைத்துக்கொண்டார். ஒலிவ மரங்களும் கொடிமுந்திரியும் சூழ்ந்த அவ்வில்லத்தில் மகள் பிரான்செஸ்கா, மருமகன் பிரான்செஸ்குவோலோ, பேத்தி எலெத்தா ஆகியோருடன் 1370இல் குடிபுகுந்தார். பேத்தி கவிஞரின் தாயின் பெயரைத் தாங்கியவள். தம் தாயின் பெயரை நாள்தோறும் சொல்லி அழைக்கும் பேறு முதுமையில்தான் அவருக்கு வாய்த்தது.

அவ்வாண்டின் வசந்தத்தில், ரோமாபுரிக்குத் திரும்பியிருந்த திருத்தந்தை ஐந்தாம் உர்பானைக் காணப் புறப்பட்டார். பயணத்துக்கு முன் உயில் எழுதினார். ஆர்க்வாவில் இறக்க நேரின் அவ்வூரிலேயே அடக்கம் செய்யுமாறு அதில் வேண்டினார். வறுமையில் இருந்த போக்காச்சியோவுக்கு, குளிர்கால இரவுகளில் படிக்கும்போது போர்த்திக்கொள்ள மேலங்கி வாங்குவதற்கென 50 பொற்காசுகள் எழுதி வைத்தார். புலவர் ஒருவர் மற்றொரு புலவர்க்கு விட்டுச்சென்ற உடைமைகளுள் இத்துணைக் கனிவுடையது வேறொன்றைக் காட்டுதல் அரிது. பயணம் பெராரா நகரோடு முடிந்தது. அங்கு நினைவிழந்து வீழ்ந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்தனர்.

நாட்டுப்புற அமைதி என்பதும் முழுமையானதாக இல்லை. காய்ச்சல் அடிக்கடி வருத்தியது. ஒருமுறை, நள்ளிரவுக்குள் உயிர் பிரியும் என்று கூறிச் சென்ற மருத்துவர்கள், மறுநாள் காலையில் அவர் எழுதிக்கொண்டிருக்கக் கண்டு வியந்தனர். 1372இல் பதுவாவுக்கும் வெனிஸுக்கும் போர் மூண்டது. நூல்களுடன் பதுவாவுக்குள் ஒதுங்க நேர்ந்தது. 1373இல் தோற்ற கராராவுக்காக வெனிஸ் அவைமுன் நின்று பேசும் கடமையும் அவர்மேல் விழுந்தது. முதுமையால் பேச இயலாது போகவே, மறுநாள்தான் உரையை நிகழ்த்த முடிந்தது. பின்னர் ஆர்க்வாவுக்கு மீண்டார். இனியேனும் எழுத்துக்கு ஓய்வளிக்குமாறு போக்காச்சியோ வேண்டியபோது, படிக்கும்போதோ எழுதும்போதோ இறப்பு வரவேண்டும் என்பதே தம் விருப்பம் என விடையிறுத்தார். போக்காச்சியோவின் கிரிசெல்தா கதையை இலத்தீனில் ஆக்கி நண்பருக்கு அனுப்பியதும் அவ்வாண்டில்தான்.

இரு மொழிகளும் ஒரு தீர்ப்பும்

ஆர்க்வாவின் அந்தச் சிறு படிப்பறையில் நிகழ்ந்த தலையாய பணி தாய்மொழிப் பாடல்களின் தொகுப்பே. அத்தொகுப்புக்கு அவர் இலத்தீனில் இட்ட தலைப்பு, மக்கள் மொழியில் அமைந்த துணுக்குகள் என்னும் பொருளுடையது. இளமையின் சிறுபிள்ளைத்தனம் என அவற்றை மடல்களில் தாழ்த்தியும் எழுதினார். ஆனால் செயல் வேறாக இருந்தது. படியெடுக்க உதவிய இளைஞர் 1367இல் விலகிச் சென்றபின், தம் கையாலேயே பாடல்களை எழுதிச் சேர்த்தார். வரைவுத் தாள்களில் நாளும் நேரமும் குறித்து ஒவ்வொரு சொல்லையும் செப்பம் செய்தார். நிறைவில் 366 பாடல்கள் கொண்டதாக அத்தொகுப்பு அமைந்தது; அவற்றுள் 317 பதினான்கடிச் சானெட் வடிவின. இறுதிக் காலத்தில்கூட, கடைசி 31 பாடல்களின் வரிசையை மாற்றும் பொருட்டு, ஓரத்தில் புதிய எண்களை இட்டார். அக்கையெழுத்துப் படிகள் வத்திகன் நூலகத்தில் இன்றும் உள்ளன.

பெரிதெனக் கருதிய 'ஆப்பிரிக்கா' காப்பியம் முற்றுப்பெறாமலே நின்றது. அவர் மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது. சிறிதென உரைத்த தாய்மொழிப் பாடல்களோ பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் காதற் கவிதைக்கு இலக்கணமாயின. எம்மொழியில் எழுதினால் புகழ் நிற்கும் என்ற கணக்கில் அவர் தவறினார். ஆயினும் அக்கணக்குக்கு அப்பால், தாம் துணுக்கென்று பெயரிட்டவற்றுக்கும் காப்பியத்துக்குரிய உழைப்பைக் குறைவின்றி ஈந்தார். அவ்வுழைப்பே அவரைக் காத்தது.

மறைவும் பின்னும்

1374ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் இரவு, எழுபதாம் பிறந்தநாளுக்கு ஒருநாள் எஞ்சியிருக்க, பெட்ரார்க் ஆர்க்வா இல்லத்தில் மறைந்தார். விரித்த நூலின்மேல் தலை சாய்ந்த நிலையில் அவரைக் கண்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. கராரா அடக்கத்துக்கு நேரில் வந்தார். மறு ஆண்டின் இறுதியில் போக்காச்சியோவும் மறைந்தார். வெனிஸ் எதிர்பார்த்த நூல்களுள் பெரும்பகுதி கராராவிடமும், பின்னர் விஸ்கோந்தி குடியினரிடமும் சென்று, முடிவில் பாரிஸை அடைந்தது. 1380இல் மருமகன் எழுப்பிய செம்பளிங்குக் கல்லறை ஆர்க்வா ஆலயத்தின் முன் நான்கு குறுந்தூண்கள்மீது நிற்கிறது.

கல்லறைக்கும் அமைதி வாய்க்கவில்லை. 1630இல் துறவி ஒருவர் அதை உடைத்துக் கையெலும்புகளைக் கவர்ந்து சென்றார். எழுநூறாம் ஆண்டு விழாவை ஒட்டி 2003இல் ஆய்வாளர் திறந்து நோக்கியபோது, உள்ளிருந்த மண்டையோடு ஒரு பெண்ணுடையது எனத் தெரியவந்தது.

எனினும் அவ்வூரை நாடி வருவோர் வரவு குன்றவில்லை. 18ஆம் நூற்றாண்டு முதலே அவ்வில்லத்தில் வருகையாளர் பெயர்கள் பதிவாகி வருகின்றன. ஆங்கிலக் கவிஞர் பைரன் அங்குச் சென்று, தம் நெடுங்கவிதையொன்றில் ஆர்க்வாவைப் பாடினார். இத்தாலியக் கவிஞர் பாஸ்கோலோ தம் புதினத்தின் மாந்தரை அவ்வில்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். சுவர்களில் உள்ள ஓவியங்கள் 16ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்றவை. கண்ணாடிப் பேழையில் உள்ள பதப்படுத்திய பூனையும் கவிஞருடையது அன்று. பிற்காலத்தார் வேடிக்கையாக வைத்தது. இவற்றைக் கடந்து உள்ளே சென்றால், ஒருவர் அமர்ந்து எழுதப் போதுமான அளவுடைய சிறு படிப்பறை காணப்படும்.

புளோரன்ஸ் பிறப்புரிமையைத் தர முன்வந்தது. மிலான் பாதுகாப்பைத் தந்தது. வெனிஸ் மாளிகையைத் தந்தது. அவ்வூர்கள் யாவும் அவரிடம் ஏதேனும் ஒன்றை எதிர்பார்த்தன. ஆர்க்வா அவரிடம் ஒன்றையும் கேட்கவில்லை. ஊரற்றுப் பிறந்த கவிஞர் தம் ஊர் என்று தேர்ந்துகொண்டது அத்தகைய இடத்தையே. எழுதுவோர்க்கு இறுதியில் வேண்டுவன ஓர் அறையும், உடனிருக்கும் அன்பும், திருத்துவதற்கு எஞ்சியுள்ள சில வரிகளுமே என்பதைப் பெட்ரார்க்கின் கடைசி நான்காண்டுகள் உணர்த்துகின்றன.