செடிகளுக்குப் பெயர் சூட்டிய மேதை

பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பது தாய் தகப்பனின் உரிமை. உலகத்துச் செடி கொடிகளுக்கோ ஒரு மனிதர் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். நம் வீட்டு மாடத்துத் துளசி, கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை, குளக்கரை அரசமரம் ஆகிய எல்லாவற்றுக்கும் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் அவர்தான். இத்தனைக்கும் அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர்தான் சுவீடன் தேசத்து கார்ல் லின்னேயஸ்.

தகப்பனாரின் நிபந்தனை

தெற்கு சுவீடனில் ரோஸ்ஹுல்ட் என்ற சிற்றூரில் 1707-ம் ஆண்டு மே 23-ந் தேதி லின்னேயஸ் பிறந்தார். தந்தை நில்ஸ் ஒரு பாதிரியார். செடி வளர்ப்பதில் அவருக்கு அளவு கடந்த ஆசை. அவர்களுடைய குடும்பப் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். குடும்ப நிலத்தில் பெரிய லிண்டன் மரம் ஒன்று நின்றது. சர்வகலாசாலையில் சேரும்போது குடும்பப் பெயர் கேட்டார்கள். நில்ஸ் அந்த மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

குழந்தை அழுதால் கையில் ஒரு பூவைக் கொடுப்பார்கள். உடனே அழுகை நின்றுவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் மகன் கண்ட செடிக்கெல்லாம் பெயர் கேட்கத் தொடங்கினான். தந்தை சொல்வார், மகன் மறந்துவிடுவான், மறுபடியும் வந்து கேட்பான். கடைசியில் தந்தை ஒரு நிபந்தனை போட்டார். சொன்ன பெயரை மறந்தால் இனிமேல் எந்தப் பெயரும் சொல்ல முடியாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். அன்று முதல் பையன் ஒரு பெயரையும் மறக்கவில்லை.

செருப்பு தைக்கப் போக வேண்டியவர்

பள்ளிக்கூடத்தில் லின்னேயசுக்குப் படிப்பு ஏறவில்லை. பாடவேளையில் வயல்வெளியில் திரிந்தார். மகனையும் பாதிரியாராக்கிப் பார்க்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆனால் ஆசிரியர்கள் கைவிரித்தார்கள். இவனுக்குப் படிப்பு வராது, தையற்காரனிடமோ செருப்பு தைப்பவனிடமோ தொழில் பழக விடுங்கள் என்று யோசனை சொன்னார்கள்.

ரோத்மன் என்ற வைத்தியர் மட்டும் பையனைச் சரியாக எடை போட்டார். இவன் நல்ல வைத்தியனாக வருவான் என்று தந்தையிடம் வாதாடித் தம் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் மூலிகைதான். ஆகவே வைத்தியம் படிப்பவன் செடிகளையும் படித்தாக வேண்டும்.

1728-ல் உப்சாலா சர்வகலாசாலைக்கு வந்தார். கையில் காசில்லை. ஓட்டை விழுந்த செருப்புக்குள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு நடந்தார். மறு ஆண்டு, தோட்டத்தில் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த இந்த ஏழை மாணவரிடம் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ் பேச்சுக் கொடுத்தார். மாணவரின் அறிவைக் கண்டு அசந்துபோனவர், தம் வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். 1730-ல் லின்னேயஸ், மாணவராக இருந்தபோதே, தாவர சாஸ்திரப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்.

பனிநாட்டுப் பிரயாணம்

1732-ம் ஆண்டு மே மாதம் லாப்லாந்து என்னும் பனிநாட்டுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. காடும் சதுப்பு நிலமும் மலையும் கடந்து ஐந்து மாதம் சுற்றினார்.

கலைமான் மேய்த்து வாழும் சாமி இன மக்கள் அங்கே இருந்தார்கள். ஏட்டுப் படிப்பு இல்லாதவர்கள்தானே என்று லின்னேயஸ் அவர்களை ஒதுக்கவில்லை. எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் ஒருவகைக் கோரைப்புல்லை உலர்த்திக் கசக்கி மெத்தென்று செருப்புக்குள் திணித்தார்கள். உறைபனியிலும் கால் விறைக்கவில்லை. ஏஞ்சலிக்கா என்ற செடியின் இளந்தண்டைத் தோலுரித்து உண்டார்கள். 1737-ல் அவர் வெளியிட்ட லாப்லாந்துத் தாவர நூலில் அந்த மக்களின் அனுபவ அறிவும் இடம் பெற்றது.

ஹாலந்தில் பூத்த வாழை

1735-ல் ஹாலந்து சென்று வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கே கிளிஃபோர்டு என்ற செல்வர், வெளிநாட்டுச் செடிகள் நிறைந்த தோட்டம் வைத்திருந்தார். அதில் ஒரு வாழை மரம் பூக்காமலே நின்றது. லின்னேயஸ் சில காலம் தண்ணீரை நிறுத்தி, பிறகு வளமான மண்ணிட்டு வெதுவெதுப்பான இடத்தில் தாராளமாகத் தண்ணீர் விடச் செய்தார். 1736-ல் வாழை பூத்தது. நமக்கு இது அன்றாடக் காட்சி, அங்கேயோ அதிசயம்! அதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஆதாம் ஏவாள் உண்ட கனி வாழையாக இருக்கலாம் என்றும் ஊகித்தார். வாழைக்கு அவர் பின்னால் சூட்டிய பெயரில் சொர்க்கத் தோட்டம் என்ற பொருள் இருப்பது இதனால்தான்.

இரண்டே சொல்

அந்நாளில் ஒரு செடியைக் குறிக்க ஒரு வாக்கியமே எழுத வேண்டும். நம் சொடக்குத் தக்காளி இனத்தில் ஒரு செடிக்கு எட்டு லத்தீன் சொற்கள்! ஓராண்டுச் செடி, கிளைகள் மிகுந்தது, தண்டு பட்டையானது, இலை பல் பல்லானது என்று நீண்டுகொண்டே போகும். யாருக்கு இது மனப்பாடம் ஆகும்? 1753-ல் வெளியிட்ட நூலில் லின்னேயஸ் சுமார் 5,900 செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் இனத்தைக் காட்டும். அடுத்த சொல் அந்தச் செடியைக் காட்டும். இன்றும் உலகம் முழுவதும் இதே முறைதான்.

நம் நாட்டுச் செடிகளை அவர் அறிந்தது எப்படி? மலையாளக் கரையை ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்த மூலிகை நூல் ஒன்றைத் தயாரித்தார். அதற்கு மூலிகை அறிவைச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். அந்த நூலையும், இலங்கையிலிருந்து ஹெர்மன் என்ற வைத்தியர் சேகரித்த செடிகளையும் லின்னேயஸ் ஆராய்ந்தார். அதனால்தான் ஆடாதோடையின் சாஸ்திரப் பெயர் ஜஸ்டிசியா ஆடாதோடா. மாங்காய் என்ற சொல் மாஞ்சிஃபெராவிலும், வெற்றிலை என்ற சொல் பைப்பர் பீட்டிலிலும் ஒளிந்திருக்கின்றன. மக்கள் வணங்கும் மரம் என்பதால் அரசுக்கு ஃபைக்கஸ் ரிலிஜியோசா என்று பெயரிட்டார்.

மேளதாளத்துடன் ஊர்வலம்

1741-ல் அவர் உப்சாலாவில் பேராசிரியர் ஆனார். கோடைகாலத்தில் மாணவர் கூட்டத்தை ஊருக்கு வெளியே நடத்திச் செல்வார். அதற்கென்று தளர்ந்த, மெல்லிய உடை உண்டு. நாள் முழுவதும் புல்லிலும் புதரிலும் பாடம் நடக்கும். சாயங்காலம் கொம்பூதி முரசு கொட்டி, ஆசிரியருக்கு வாழ்த்துக் கூறித் திரும்புவார்கள்.

மாணவர்களைத் தூர தேசங்களுக்கும் அனுப்பினார். அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1746-ல் சீனாவுக்குப் புறப்பட்ட டேர்ன்ஸ்ட்ரோம் வழியிலேயே வியட்நாம் அருகே ஒரு தீவில் இறந்தார். குழந்தைகளைத் தகப்பன் இல்லாமல் ஆக்கிவிட்டீர்களே என்று அவர் மனைவி லின்னேயஸைப் பழித்தாள். அதன் பிறகு மணமாகாதவர்களையே அனுப்பினார். அப்படியும் பலர் திரும்பவில்லை. ஃபோர்ஸ்கோல் என்ற மாணவர் 1763-ல் ஏமன் நாட்டில் காய்ச்சலுக்குப் பலியானார்.

அவரிடம் பயின்ற கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, தமிழ்நாட்டுச் செடிகளைச் சேகரித்துக் குருவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலைக்குச் சீடரின் பெயரையே சூட்டி மகிழ்ந்தார் லின்னேயஸ். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

லின்னேயஸ் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. பூவின் கேசரங்களை எண்ணிச் செடிகளை வகுத்த முறையைப் பின்வந்தவர்கள் மாற்றினார்கள். மனிதர்களையும் நிறம் பார்த்துப் பிரித்தது அவர் செய்த பெரும் பிழை. செடிகளுக்குச் சூட்டிய இரண்டு சொற்பெயர்தான் நிலைத்து நின்றது.

பெயரை மறந்த பெரியவர்

1774-ல் லின்னேயஸ் பக்கவாதத்தால் தாக்குண்டார். சிறிது சிறிதாக நினைவு மங்கியது. தாம் எழுதிய புத்தகத்தையே யாரோ எழுதியது என்று எண்ணி வியந்தாராம். ஒரு பெயரையும் மறக்காத அந்த மனிதர் கடைசியில் தம் பெயரையே மறந்தார் என்று கூறுவார்கள். 1778-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி காலமானார். உடல் உப்சாலா தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயர் தெரியாத செடி நமக்கு வெறும் பச்சை. பெயர் தெரிந்துவிட்டால் அது உறவு. குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளை அவர்களோடு வரப்பில் நடக்க விடுங்கள். அன்று நில்ஸ் பாதிரியார் தம் மகனுக்குக் கொடுத்த செல்வம் இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.