சாள்ஸ் லாம்பும் அவர் நேசித்த நூல்களும்

பரீட்சைக்காகக் கற்பது ஒன்று. பசித்தவன் உண்பதுபோல விரும்பிக் கற்பது மற்றொன்று. பின்னதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்தவர் சாள்ஸ் லாம்ப் என்னும் ஆங்கிலக் கட்டுரையாசிரியர். நம் நாட்டுக் கல்லூரிகளிலே ஆங்கிலம் பயின்ற பலர் சேக்ஸ்பியரை முதன்முதலிற் சந்தித்தது அப்புலவரின் நாடகங்களில் அன்று. லாம்பும் அவர் தமக்கை மேரியும் சேர்ந்தெழுதிய கதைகளிலேயாம். அச்சிறு நூல் எத்தகைய இல்லத்தில், எத்தகைய துயரின் நடுவே எழுதப்பெற்றது என்பதை அந்நாளில் அறிந்திருந்தோர் சிலராகவே இருப்பர். காதற் கதையையும், பழைய நாடகத்தையும், பிள்ளைகளுக்குரிய நூலையும் ஒருங்கே நேசித்த அவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

லாம்ப் 1775 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆந் திகதி, இலண்டனிலே சட்ட அறிஞர் வாழும் இன்னர் ரெம்பிள் என்னும் வளாகத்திற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் சோல்ற் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகவும் பணியாளராகவும் இருந்தவர். பிறந்த பிள்ளைகள் எழுவருள் எஞ்சியோர் மூவரே. மூத்தவர் ஜோன், அடுத்தவர் மேரி, கடைக்குட்டி சாள்ஸ். மேரி தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக் கல்வி அவருக்குச் சிறிதே வாய்த்தது. ஆயினும் சோல்ற் அவர்களின் நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. இன்னது படி, இன்னதை விலக்கு என்று சொல்வார் யாருமின்றி, அப்பெண் பழைய ஆங்கில நூல்களினூடே தன் விருப்பம்போல் மேய்ந்து திரிந்தாள். தம்பியையும் உடனழைத்துச் சென்றாள். பிற்காலத்திலே தமக்குப் பெண் மக்கள் இருபதின்மர் இருப்பினும் அவர்களையெல்லாம் அவ்வாறே வளர்ப்பேன் என்னுங் கருத்தை லாம்ப் எழுதிவைத்தார்.

நாடகத்தின்மேல் அவர் கொண்ட காதலும் இளமையிலேயே முளைத்தது. ஆறு வயதளவிலே டுறூரி லேன் அரங்குக்கு முதன்முறை அழைத்துச் செல்லப்பட்டார். அனுமதிச் சீட்டுக்களைத் தந்தவர் அவருடைய ஞானத்தந்தையாகிய எண்ணெய் வணிகர். அன்று பிற்பகல் மழை பெய்தது. மழை விட்டாலன்றிச் செல்லவியலாது. யன்னலோரம் நின்று தெருவிலே தேங்கிய நீரைப் பார்த்திருந்த சிறுவனின் தவிப்பை, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் அவர் மறவாது வருணித்துள்ளார். பச்சைத் திரை மேலெழுந்தபோது பாரசீக அரசவையே தம் கண்முன் வந்துவிட்டதென நம்பினார். பின் பள்ளிக் காலத்தில் அரங்குக்குச் செல்லல் தடையாயிற்று. சில ஆண்டுகளின் பின் மீண்டுஞ் சென்றபோது திரை வெறுந் துணியாகவும், விளக்கு வெறும் விளக்காகவுமே தோன்றின. அம்மாற்றம் அரங்கில் நிகழ்ந்ததன்று, தம்மிலே நிகழ்ந்ததென்று அவர் உணர்ந்தார். ஆயினும் மனந் தளர்ந்தாரல்லர். பின்னர் சீடன்ஸ் அம்மையாரின் நடிப்பைக் கண்டு அரங்கின் இன்பத்தை வேறொரு வகையில் மீட்டுக்கொண்டார்.

1782 ஆம் ஆண்டிலே, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அமைந்த கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பழம்பெரும் பாடசாலையிற் சேர்ந்தார். ஆங்குதான் கவிஞர் கோல்ரிட்ஜின் நட்பு வாய்த்தது. அந்நட்பு ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. கல்வியிற் சிறந்திருந்தும் லாம்ப் பல்கலைக்கழகஞ் செல்ல முடியவில்லை. அவருக்குத் திக்குவாய். அப்பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுவோர் சமயத் தொண்டுக்குச் செல்லுதல் வழக்கம். பேச்சுத் தடைப்படுபவர் பிரசங்க மேடையேறல் எங்ஙனம்? ஆகவே 14 வயதிலே பாடசாலையை நீங்கினார்.

1792 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கிழக்கிந்தியக் கொம்பனியின் தலைமை நிலையத்திற் கணக்கராக அமர்ந்தார். தேயிலை, அவுரி, துணிமணி ஆகியவற்றின் கணக்குகளைப் பேரேட்டிற் பதிவதே தொழில். நம் இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1796 ஆம் ஆண்டில் அக்கொம்பனியின் கைக்கு மாறியபோது, இலண்டனில் அதன் பேரேடுகளை எழுதிய கைகளுள் லாம்பின் கையும் ஒன்று. பகலெல்லாம் கணக்கு, இரவிலே நூல். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு காதலும் இருந்தது. பாட்டியார் வீட்டுக் காவலராயிருந்த ஹேர்ட்போர்ட்சயர் நாட்டுப்புறத்திலே ஆன் சிமன்ஸ் என்னும் பெண்ணை அவர் நேசித்தார். அக்காதல் கைகூடவில்லை, அவள் பிறிதொருவரை மணந்தாள். 1795 ஆம் ஆண்டின் முடிவில் லாம்ப் மனம் பேதலித்து ஆறு வாரங்கள் மருத்துவ விடுதியில் இருக்க நேர்ந்தது.

அந்நோய் அவரை மீண்டும் தீண்டவில்லை. ஆனால் அவர் தமக்கையைத் தீண்டியது. முதுமையுற்ற தந்தை, நடமாட இயலாத தாய் ஆகியோரைப் பேணியும், தையல் வேலையாற் பொருளீட்டியும் மேரி உடல் நலிந்திருந்தார். 1796 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22 ஆந் திகதி, உணவுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையிற் சித்தங் கலங்கி, மேசைக் கத்தியால் தம் தாயாரையே குத்திக் கொன்றார். தந்தையும் காயமுற்றார். கத்தியைப் பறித்தவர் தம்பி சாள்ஸ். அவருக்கு அப்போது வயது 21.

விசாரணையில் மேரி சித்தப்பிரமையுற்றவர் என முடிவாயிற்று. அவரை வாழ்நாள் முழுவதும் காப்பகத்திலே வைத்திருத்தலே தக்கதென மூத்த சகோதரர் முதலானோர் எண்ணினர். சாள்ஸ் அதற்கு உடன்படவில்லை. அவரைப் பேணும் பொறுப்பைத் தாமே ஏற்பதாக உறுதி கொடுத்தார். 1799 ஆம் ஆண்டிலே தந்தையார் இறந்தபின் இருவரும் ஒரே இல்லத்தில் வாழத் தொடங்கினர். அவ்வாழ்வு 35 ஆண்டுகள் நீடித்தது. நோய் இடையிடையே வரும். வருமுன் மேரிக்கே அதன் அறிகுறி தெரியும். அப்போது அக்காளும் தம்பியும் கைகோத்துக் கண்ணீர் சொரிந்தபடி, கட்டுச்சட்டையையும் எடுத்துக்கொண்டு, வயல்வழியே காப்பகம் நோக்கி நடந்து சென்றதைக் கண்ட நண்பர் ஒருவர் அச்செய்தியைக் கூறியிருக்கின்றார். நோய் நீங்கியதும் இருவரும் மீண்டும் தம் நூல்களிடையே வந்தமர்வர்.

இவ்விருவரின் வாசிப்புச் சுவை ஒன்றன்று. மேரிக்குக் கதை வேண்டும். நல்லதாயினும் அல்லதாயினும், காதலும் பிரிவும் எதிர்பாராத் திருப்பமும் நிறைந்த புதுக் கதைகளை அவர் ஆவலோடு படிப்பார். சாள்ஸோ பழைய ஆசிரியர்களை ஆயிரமுறை திருப்பிப் படிப்பவர். ஆயினும் தமக்கையின் சுவையை அவர் இகழ்ந்தாரல்லர். வாடகை நூலகங்களிலே கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிய கதை நூல்களை அவர் பெரிதும் மதித்தார். பகல் முழுவதும் ஊசி பிடித்துக் களைத்த ஏழைத் தையற்காரி ஒருத்தி, உறங்கும் நேரத்தில் ஒரு நாழிகையைத் திருடி, அத்தாள்களிலே தன் துயரை மறந்திருப்பாளன்றோ? அவ்வழுக்கினும் சிறந்த அணி ஒரு நூலுக்கு உண்டோ என்பது அவர் கருத்து. ஊசி பிடித்த கை தம் இல்லத்திலும் இருந்ததென்பதை நினைப்போர்க்கு, இக்கருத்தின் ஆழம் இனிது விளங்கும். 1798 ஆம் ஆண்டில் லாம்ப் தாமே றொசாமண்ட் கிறே என்னும் சிறு காதற் கதையை வெளியிட்டார். தாம் இழந்த காதலின் நிழல் அதிலே படிந்துள்ளது.

அக்காலத்தில் இங்கிலாந்திலே பிள்ளைகளின் நூல்கள் ஒரு மாற்றத்துக்கு உள்ளாகியிருந்தன. மாயக்கதைகளும் பழங்கதைகளும் கடைகளிலிருந்து விலக்கப்பட்டு, குதிரை ஒரு விலங்கு என்பது போன்ற செய்தியறிவும் நீதிபோதனையும் நிறைந்த நூல்கள் அவ்விடத்தைப் பிடித்தன. 1802 ஆம் ஆண்டில் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்திலே லாம்ப் இதனைக் கடிந்தார். பிள்ளையின் உள்ளத்தைப் பெரிதாக்குவது வியப்பேயன்றித் தகவல் அன்று என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையைச் செயலிற் காட்டும் வாய்ப்பு விரைவில் வந்தது. தத்துவ அறிஞர் வில்லியம் கொட்வினும் அவர் மனைவியாரும் பிள்ளைகளுக்கான நூல்களை வெளியிட்டுவந்தனர். அவர்கள் வேண்ட, 1807 ஆம் ஆண்டிலே சேக்ஸ்பியர் கதைகள் வெளிவந்தன. கதைகள் 20. இன்பியல் நாடகங்கள் முதலிய 14 கதைகளை எழுதியவர் மேரி. லியர் மன்னன், ஹம்லெற் முதலிய ஆறு துன்பியற் கதைகளை எழுதியவர் சாள்ஸ். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து எழுதினர். ஒன்றும் சரிவரவில்லையென்று தம்பி ஓயாது முனகுவார். முடித்தபின் எப்படியோ வந்துவிட்டதென்பார். கிடைத்த ஊதியம் 60 கினி. முகப்பிலே சாள்ஸின் பெயர் மட்டுமே அச்சாயிற்று. நூலின் பெரும் பகுதியை எழுதியவரின் பெயரை அன்றைய வாசகர் கண்டிலர்.

இந்நூல் சிறப்பாகப் பெண் பிள்ளைகளை நோக்கி எழுதப்பட்டது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையின் நூலகம் இளமையிலேயே திறக்கப்படுகின்றது. பெண் பிள்ளைகளுக்கு அவ்வாறில்லை. ஆகவே மூலத்தை அவர்கள் அடையும் வரைக்கும் இஃது ஒரு வாயிலாக அமைக என்பதே முன்னுரையின் கருத்து. தொடர்ந்து, 1808 ஆம் ஆண்டில் யுலிசீசின் பயணங்களை லாம்ப் பிள்ளைகளுக்குக் கதையாக்கினார். ஒற்றைக்கண் அரக்கன் பற்றிய பகுதி மிகக் கொடிதெனக் கொட்வின் தயங்கியபோது, அரக்கன் அரக்கனாகவே இருக்கவேண்டுமென்று வாதிட்டார். அடுத்து லெஸ்ரர் அம்மையாரின் பாடசாலை என்னும் கதைத் தொகுதி வந்தது. அதிலுள்ள 10 கதைகளுள் ஏழு மேரியினுடையவை.

அதே 1808 ஆம் ஆண்டில், சேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர்களின் பகுதிகளைத் தொகுத்துக் குறிப்புரையோடு வெளியிட்டார். மார்லோ, வெப்ஸ்ரர் முதலியோரின் மறக்கப்பட்ட ஏடுகள் பலவற்றுக்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது. நாடகத்தை இவ்வளவு அறிந்தவர் தாம் எழுதிய நாடகத்தில் வென்றாரல்லர். 1806 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி டுறூரி லேனில் மேடையேறிய அவரது நகைச்சுவை நாடகத்தைச் சபையோர் சீறி இகழ்ந்தனர். அவையிலிருந்த லாம்பும் அவர்களோடு சேர்ந்து சீறினாராம்! நாடகம் மறுநாள் மேடையேறவில்லை.

1819 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே ஃபனி கெல்லி என்னும் நடிகைக்கு, தம்மை மணக்குமாறு வேண்டிக் கடிதம் எழுதினார். அவர் அன்றே மறுத்தெழுதினார். லாம்பும் அன்றே, மனவருத்தத்தை மறைத்து, நகையோடு விடையனுப்பினார். நட்பு முறியவில்லை, மணம் என்னும் எண்ணம் முடிந்தது.

அடுத்த ஆண்டிலே அவரது பெரும் பணி தொடங்கிற்று. இலண்டன் மகசீனில் ஈலியா என்னும் புனைபெயருடன் கட்டுரைகள் எழுதலானார். அவை 1823, 1833 ஆம் ஆண்டுகளில் நூல்களாயின. பழைய மாணவராகிய நாம் அவற்றுள் ஒன்றைச் சிறப்பாக நோக்குதல் தகும். 1813 ஆம் ஆண்டிலே தம் பாடசாலையைப் புகழ்ந்தெழுதிய லாம்ப், ஏழாண்டுகளின் பின், தூரத்து ஊரிலிருந்து வந்து ஆதரவற்றிருந்த மாணவன் ஒருவனின் கண்கொண்டு அதே பாடசாலையைப் பார்த்தெழுதினார். பசியும் அடியும் தனிமையும் அதில் மறைக்கப்படவில்லை. அன்புடைய மாணவனே உண்மையையும் சொல்லவல்லவன் என்பது அதனாற் பெறப்படும்.

இன்னொரு கட்டுரையில், தம் பிள்ளைகள் இருவருக்குப் பாட்டியாரின் பெருமனையைப் பற்றியும், பழைய காதலைப் பற்றியும் அவர் கதை சொல்கின்றார். பிள்ளைகள் மெல்ல மெல்ல மங்கி மறைகின்றனர். அவர்கள் பிறவாத பிள்ளைகள், கனவிற் கண்டவர்கள். விழித்த கிழப் பிரமசாரியின் அருகே இருப்பவர் தமக்கையார் ஒருவரே. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதை தந்தவர் தம் பிள்ளைக்குக் கதை சொன்னது கனவிலேதான்.

33 ஆண்டுச் சேவையின் பின் 1825 ஆம் ஆண்டிலே ஓய்வு பெற்றார். 1834 ஆம் ஆண்டு யூலையில் கோல்ரிட்ஜ் இறந்தார். அத்துயர் ஆறுமுன், வழியில் விழுந்து முகத்திற் பட்ட காயம் நஞ்சேறி, டிசெம்பர் 27 ஆந் திகதி எட்மன்ரனில் லாம்பும் காலமானார். மேரி 1847 ஆம் ஆண்டுவரை வாழ்ந்து, தம்பியின் கல்லறையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். 1796 ஆம் ஆண்டின் கொடுஞ் செய்தியை நண்பர்கள் அதுகாறும் பேணி மறைத்தனர். அதன் பின்னரே உலகம் விரிவாக அறிந்தது.

கதை படித்தல் காலத்தை வீணாக்கல் என்று சொல்வோர் நம்மிடையே உளர். லாம்பின் வாழ்வு அவர்களுக்கு விடையாகும். கதையும் நாடகமும் அவருடைய துன்பத்தை நீக்கவில்லை. அத்துன்பத்தைச் சுமந்துகொண்டே கடமையைச் செய்யும் வலிமையை அவை அளித்தன. தம் கைக்குக் கிட்டிய இன்பத்தை அவர் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தார். திறந்த நூலகம் ஒன்று இரு ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்த நன்மை இது. யூபிலி காணும் இவ்வேளையிலே, கல்லூரிக்குக் கட்டடமும் கேடயமும் வழங்கும் பழைய மாணவர்கள், நூலகத்துக்கு ஒரு தட்டு நிறையக் கதை நூல்களையும் வழங்குவாராக. அத்தட்டுக்குப் பூட்டு இடாதிருப்பாராக.